வெட்டிய குழலை ‘குதிரைவீரர் துப்பாக்கி’ என்று விற்கிறார்கள்: ஜப்பானியத் திரித்துப்பாக்கி வாங்குவோர் கவனத்துக்கு

இணைய ஏலம் ஒன்றில் போன திரித்துப்பாக்கி இது, அதாவது எரியும் திரியால் மருந்தைப் பற்றவைத்துச் சுடும் பழைய வகை. விளம்பரத்தில் இருந்தவை: 1590-களில் செய்தது, குனிதோமோ (துப்பாக்கிக் கொல்லர்களுக்குப் பேர்போன ஊர்) வேலை, சாமுராய் குதிரைவீரரின் குட்டைத் துப்பாக்கி, 10 மொன்மே (குண்டின் எடை அளவு), எதுவும் மாற்றப்படவில்லை. படங்கள் நிறைய இருந்தன. ஆனால் ஒன்றில்கூட குழலை மரக்கட்டையிலிருந்து கழற்றிக் காட்டவில்லை. வாங்கியவர் பிரித்துப் பார்த்தபோது அந்த விளம்பரத்தில் தேறியது ‘ஜப்பான்’ மட்டும்தான். விற்றவரின் பெயர் இங்கே வேண்டாம். இதே வேலையைச் செய்பவர்கள் பலர்.

காலாட்படையின் நெடுந்துப்பாக்கிகள், அதாவது மொத்த நீளம் 130 செ.மீ. அளவில் உள்ளவை, இன்றும் ஏராளம். குதிரைமேல் வைத்துச் சுடும் குட்டைகள் குறைவு, அதனால் விலை அதிகம். துருப்பிடித்த நெடுந்துப்பாக்கி ஒன்றை ரம்பத்தால் அறுத்தால் லாபம். வெட்டியது எங்கே தெரியும்? முதலில் குழலின் வாயில், அதாவது குண்டு வெளியேறும் முனையில். ஜப்பானியக் குழல்கள் பெரும்பாலும் வாய்ப்பக்கம் சற்றுத் தடித்து முடியும். இதில் அந்தத் தடிப்பே இல்லை. எண்கோணக் குழல் சட்டென்று தட்டையாக நின்றது, விளிம்பு கையைக் கீறுகிறது. முன் குறிமுள் ஈயப்பற்று வைத்து ஒட்டியது, அதைச் சுற்றி இரும்பின் நிறமே வேறு. குழலுக்கு அடியில் முள் கோக்கும் காதுகளின் இடைவெளியும் கட்டையின் நீளத்துக்குப் பொருந்தவில்லை.

குழலைக் கழற்றுவது கடினமல்ல. கட்டையின் பக்கவாட்டில் மூங்கில் முள்கள் இருக்கும். ஜப்பானியர் மெகுகி என்பார்கள். மெல்லிய முனை எந்தப் பக்கமோ அங்கிருந்து மரக்குச்சியால் தட்டி வெளியே தள்ள வேண்டும். பிறகு துப்பாக்கியைக் கவிழ்த்துப் பிடித்து மெல்லத் தட்டினால் குழல் தானாக விடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கட்டையின் உதடு பிளந்துவிடும். பழைய வேலையில் மரை என்பது குழலின் பின்னை அடைக்கும் பிசென் திருகில் மட்டும்தான். விசைத்தகடுகூட, அதாவது திரியை இறக்கும் விசையைத் தாங்கும் தகடுகூட, முள்ளில்தான் நிற்கும். இந்தத் துப்பாக்கியின் பித்தளைத் தகட்டை இரண்டு இரும்புத் திருகுகள் பிடித்திருந்தன. அதை விளம்பரப் படத்திலேயே பார்த்திருக்கலாம்.

10 மொன்மே என்பதைச் சரிபார்க்க வெர்னியர் காலிப்பர் போதும். மொன்மே என்பது ஈயக்குண்டின் எடை. ஒரு மொன்மே 3.75 கிராம். 10 மொன்மே குண்டின் விட்டம் சுமார் 18.5 மி.மீ., 6 மொன்மேக்கு 15.6, 3 மொன்மேக்கு 12.4, 2.5 மொன்மேக்கு 11.6. துளை இதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். இந்தக் குழலின் துளை 11.8 மி.மீ. இரண்டரை மொன்மே குண்டு போடும் சாதாரணத் துப்பாக்கி, அவ்வளவுதான். வாய் தேய்ந்திருக்கும் என்பதால் இரண்டு மூன்று திசைகளில் அளந்து, சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்தவரின் பெயர் குழலின் அடிப்பக்கம், கட்டைக்குள் மறைந்திருக்கும். அசல் உளிக்கீற்றின் உள்ளும் வெளியும் ஒரே பழுப்பில் இருக்கும். இதில் கீற்றின் அடி வெள்ளையாக மின்னியது, துருப்பள்ளத்தின் மேலேயே எழுத்து ஏறியிருந்தது. துரு முந்தியது, பெயர் பிந்தியது. புகழ்பெற்ற துப்பாக்கிக் கொல்லர் குனிதோமோ தோபெயின் (1778–1840) பெயர் போலிக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஜப்பானை ஆண்ட தொக்குகவா குலத்தின் சின்னம் பதித்ததும் அப்படித்தான். பிற்காலத்தில் ஏற்றிய பதிப்புகள் ஏராளம்.

வலப்பக்கத்து மருந்துக் கிண்ணத்தையும் பாருங்கள். திரி முதலில் பற்றவைப்பது இதில் உள்ள மருந்தைத்தான். ஜப்பானின் ‘எதோ’ (Edo, 1603–1868) காலத்தின் இறுதியில் பல துப்பாக்கிகளைத் தொப்பி வெடிக்கு, அதாவது திரிக்குப் பதில் அடித்தால் வெடிக்கும் சிறு மூடிக்கு, மாற்றினார்கள். பின்னாளில் விற்பனைக்காக மறுபடி திரிக்கு மாற்றினார்கள். அப்படி மாற்றியதில் தொடுதுளைக்குள் (கிண்ணத்திலிருந்து குழலுக்குள் தீ போகும் துளை) மரை வெட்டிய அடைப்பு தெரியும், கிண்ணத்தின் இணைப்பில் புதுப் பற்றவைப்பு இருக்கும். இதில் இரண்டுமே இருந்தன.

காலக்கணக்கு தனிக்கதை. 1543-இல் தனேகஷிமாத் தீவில் போர்த்துகீசியர் வழியாக வந்த வடிவம் எதோ காலம் முழுக்கப் பெரிதாக மாறவில்லை. அதனால் தோற்றத்தை வைத்து 1590 என்று சொல்வது வெறும் ஊகம். இன்று கிடைப்பவற்றில் பெரும்பகுதி எதோ காலத்தவை. சில குழல்களில் ‘ஜின்ஷின்’ என்ற எழுத்தும் எண்ணும் இருக்கும். 1872-இல் அரசு எடுத்த கணக்கின் முத்திரை அது. அதைக் ‘குலத்தின் படை எண்’ என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானுக்குள் விற்பனை என்றால் மாகாணக் கல்வி வாரியத்தின் பதிவுச்சீட்டைக் கேளுங்கள். நீளமும் துளை விட்டமும் அதில் இருக்கும். பதிவுக்குப் பிறகு வெட்டியிருந்தால் அங்கேயே அகப்படும். ஏற்றுமதியாகும்போது சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே வெளிநாட்டில் ‘சீட்டு இல்லை’ என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் படம்கூட இல்லை என்றால் சந்தேகப்படலாம்.

எல்லாவற்றையும்விட மோசமானது: குழலுக்குள் மருந்து இருந்தது. விற்றவர் பார்க்காமலேயே அனுப்பியிருக்கிறார். சோதிப்பது சுலபம். மரக்கோலை வாய்வழியே முட்டும்வரை விட்டுக் குறியிடுங்கள், அதே கோலை வெளியே குழலின்மேல் வைத்துப் பாருங்கள். முனை தொடுதுளைக்கு அருகே வர வேண்டும். இதில் 5 செ.மீ. முன்னாலேயே நின்றது. அழுக்கும் துருவும்கூட அப்படி நிறுத்தும். ஆனாலும் குண்டு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கருமருந்து காய்ந்திருந்தால் எத்தனை காலமானாலும் பற்றும். பிசென் திருகைச் சூடாக்கிக் கழற்றுவது, குழலுக்குள் துளைபோடுவது இரண்டும் கூடவே கூடாது. வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, தொடுதுளை வழியே தண்ணீர் விட்டு நன்றாக ஊறவிட்டு, உரிமம் உள்ள துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுங்கள்.

பொருளைத் திருப்பி எடுக்கச் சொன்னதற்கு விற்றவரின் பதில்: “பழம்பொருள், உள்ளபடி விற்றது, முள்ளை நீங்கள் கழற்றிவிட்டீர்கள்.” ஆகவே பெட்டி வந்ததும் முள்ளைத் தொடுமுன் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், கழற்றுவதைக் காணொளியாகப் பதியுங்கள். அதைவிட நல்லது, பணம் கட்டுமுன்பே நான்கு படங்கள் கேட்பது: கழற்றிய குழலின் அடி, வாயின் நேர்முகம் அளவுகோலோடு, கிண்ணமும் தொடுதுளையும் அருகில், விசைத்தகட்டின் உட்புறம். ‘கழற்றினால் உடையும்’ என்று பதில் வந்தால் அந்த ஏலத்தை விட்டுவிடுங்கள்.