வினைல் ஷீட் ஒட்டும் முன் தரையை எதைக் கொண்டு சமன் செய்வது?

பழைய தரைமேல் வினைல் ஷீட் ஒட்டுவது என்று முடிவாகிவிட்டால், கடையில் டிசைன் பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பார்த்துவிடுங்கள். ஷீட்டின் தடிமன் பெரும்பாலும் 2 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். அடியில் ஒரு மணல் பரல் இருந்தால்கூட நாளாக ஆக அது மேலே முண்டிக்கொண்டு தெரியும். கும்பகோணத்தில் எங்கள் வீட்டு ரெட் ஆக்சைடு தரைக்காக மூன்று வழிகளை விசாரித்தோம். கொத்தனாரை வைத்து சிமெண்ட் தளம் போடுவது, பிளைவுட் அடிப்பது, செல்ஃப் லெவலிங் காம்பவுண்ட் (தண்ணீரில் கரைத்து ஊற்றினால் தானாகவே பரவி மட்டமாகும் பொடி) ஊற்றுவது. கடைசியில் காம்பவுண்ட்தான் ஊற்றினோம். யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

ஃபோம் விரித்து அதன்மேல் ஷீட்டைப் போட்டால் போதும் என்பார்கள். அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பள்ளம் பள்ளமாகவே இருக்கும். நாற்காலிக் கால் அழுந்தி ஷீட் கிழியும்.

பிளைவுட்டையும் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மரத் தளம் உள்ள மாடிக்கு அது சரியான வழி. தரைத்தளத்துக்கு வேண்டாம். தண்ணீரைத் தாங்கும் ஐ.எஸ். 710 மரைன் கிரேடே வாங்கினாலும், கீழிருந்து ஓதம் ஏறினால் ஓரங்கள் உப்பும். இரண்டு பலகை சேரும் கோடு வினைல் மேல் அப்படியே தெரியும். கரையான் பயம் வேறு. நான் பிளைவுட் அடித்துப் பார்த்ததில்லை, அடித்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சிமெண்ட் தளம் கொத்தனார்களுக்குக் கைவந்த வேலை. பொருளும் மலிவு. ஆனால் அதை மெல்லிசாகப் போட முடியாது. 5 மில்லிமீட்டர் பள்ளத்தை நிரப்ப மெல்லிசாகப் பூசிவிட்டால் காய்ந்ததும் வெடித்துப் பொருக்காகப் பெயர்ந்துவிடும். ஒழுங்காகப் போட வேண்டும் என்றால் பழைய தரையைக் கொத்திவிட்டு ஒன்றரை அங்குலமாவது போட வேண்டும். 100 சதுர அடி அறையில் அதுவே முக்கால் டன் எடை. கதவுகளின் அடியையும் அறுத்தாக வேண்டும். அப்புறம் காய வேண்டிய நாட்கள். தண்ணீர் விட்டு க்யூரிங் செய்த பிறகு, மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். மேலே காய்ந்தது போல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். பள்ளத்தின் ஆழம் ஓர் அங்குலத்தைத் தாண்டிய தரைக்கு மட்டும் இதை யோசிக்கலாம்.

காம்பவுண்டை 3 மில்லிமீட்டரிலேயே ஊற்றலாம். ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு, ஏறக்குறைய 1.7 கிலோ பிடிக்கும். 3 மில்லிமீட்டர் ஊற்ற 100 சதுர அடிக்கு 25 கிலோ மூட்டை இரண்டு. சில மணி நேரத்தில் மேலே நடக்கலாம். ஷீட் ஒட்ட எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதை மூட்டையிலேயே போட்டிருப்பார்கள். பணம் கூடுதல்தான், ஆனால் வீட்டை ஒரு மாதம் காலி செய்து வைக்க வேண்டியதில்லை.

வேலையில் இரண்டு விஷயங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒன்று, தண்ணீரின் அளவு. ஓடட்டும் என்று ஒரு சொம்பு கூடுதலாக ஊற்றினால் மேற்பரப்பு சுண்ணாம்பு மாதிரி பொடியும். பசை அந்தப் பொடியைத்தான் பிடிக்கும், தரையை அல்ல. வாளியில் அளவுக்கோடு போட்டுக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, ரெட் ஆக்சைடு தரையில் ஆண்டுக்கணக்காகத் தேய்த்த மெழுகும் எண்ணெயும். நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால், காம்பவுண்டுக்கு முன் பிடிப்புக்காக அடிக்கும் பிரைமர் ஒட்டாது. கிரைண்டரில் தேய்த்து, சொட்டு உறிஞ்சப்படும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே பிரைமர்.

மேடு பள்ளத்தைக் கண்டுபிடிக்க, இருட்டிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடியுங்கள். பகலில் கண்ணுக்கே படாத மேடெல்லாம் நிழல் போட்டுக் காட்டும். அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு மட்டப்பலகை வைத்து அளக்கலாம். 10 அடிக்குள் 5 மில்லிமீட்டர் வரை ஏற்ற இறக்கம் இருந்தால் பரவாயில்லை. பழைய வீடுகளில் தண்ணீர் ஓட விட்டிருக்கும் வாட்டத்தை நிமிர்த்தப் போக வேண்டாம். ஒரே சீராகச் சரிந்த தரையில் ஷீட் நன்றாகவே படியும்.

இனி அந்த நிபந்தனை: கீழிருந்து ஓதம் ஏறாத தரையாக இருக்க வேண்டும். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சிமெண்ட் தரை அடியிலிருந்து வரும் ஈரத்தைக் காற்றில் விட்டுக்கொண்டே இருப்பதால்தான் காய்ந்தது போல் தெரிகிறது. வினைல் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் அடியில் தங்கி, பசை இளகி, ஷீட் குமிழ் விடும், நாற்றமும் வரும். பழைய வீடுகள் பலவற்றில் தளத்துக்கு அடியில் ஓதத்தைத் தடுக்கும் பாலித்தீன் விரிப்பு இருக்காது. காவிரிக் கரைப் பக்கத்து மண்ணில் கேட்கவே வேண்டாம். காம்பவுண்ட் தரையைச் சமன் செய்யும், ஓதத்தைத் தடுக்காது. விற்பவர்கள் இதைச் சொல்லுவதில்லை.

சோதனை எளிது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டியான பாலித்தீனை, நாலு ஓரமும் டேப் போட்டு, வெயில் படாத இடத்தில் ஒட்டிவிட்டு மறுநாள் வரை விடுங்கள். குறைந்தது 16 மணி நேரம். பிரித்துப் பார்க்கும்போது உட்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ, கீழிருந்து ஈரம் வருகிறது. சுவரோரம், நடு அறை என்று பல இடங்களில் ஒட்டுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் செய்யுங்கள். சித்திரை வெயிலில் எல்லாத் தரையும் தேறிவிடும்.

எங்கள் வீட்டில் கூடம் தேறியது, முற்றத்தை ஒட்டிய அறை தேறவில்லை. அங்கே எபாக்ஸி ஓதத்தடுப்புப் பூச்சு இரண்டு கோட் அடித்து, ஈரமாக இருக்கும்போதே மணல் தூவி, அதன்மேல் காம்பவுண்ட் ஊற்றலாம் என்றார்கள். முறை சரியானதுதான். அடித்தவர்கள் நன்றாக இருப்பதாகவே சொல்கிறார்கள், ஆனால் எல்லாமே புதிதாகச் செய்தவை. செலவும் காம்பவுண்டைத் தாண்டிப் போகும். அந்த அறையில் ரெட் ஆக்சைடையே வைத்துக்கொண்டு, கூடத்துக்கு மட்டும் வினைல் போட்டோம்.