ஸ்டிக்கரில் 3 டன், சக்கரத்தின் கீழ் 345 கிலோ: நொறுங்கிப்போன கார் ராம்ப்

வீட்டில் ஆயில் மாற்றுபவர்கள், காருக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். சமீபத்தில் என் காரின் முன் இடது சக்கரத்தைத் தாங்கியிருந்த பிளாஸ்டிக் ராம்ப் (அடியில் வேலை பார்க்க வசதியாகச் சக்கரத்தை ஏற்றி நிறுத்தும் சாய்வு மேடை) நொறுங்கி விழுந்தது. அந்த நேரத்தில் அடியில் யாரும் இல்லை. இன்னும் 5 நிமிடம் கழித்து உடைந்திருந்தால் என் தம்பி அங்கே படுத்திருப்பான்.

வாங்கிய கதையிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று அங்கேயே தொடங்கிவிட்டது. ஒரு ஜோடி ராம்ப், கருப்பு பிளாஸ்டிக். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் "3 டன்" என்று இருந்தது. வாங்குவதற்கு முன் விற்பவருக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்: "இந்த 3 டன் ஒரு ராம்புக்கா, ஜோடிக்கா, இல்லை வண்டியின் மொத்த எடைக்கா?" வந்த பதில்: "எந்தக் காரையும் ஏத்தலாம் சார், பயப்படாதீங்க." நான் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த இடத்தில் நான் பின்வாங்கியிருக்க வேண்டும். படங்கள் தெளிவாக இருந்தன, வாங்கியவர்களும் நன்றாக இருப்பதாக எழுதியிருந்தார்கள், நம்பிவிட்டேன்.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்றால், ராம்பின் மேல் எழுதியிருக்கும் எண் ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் ஒவ்வொன்றைக் குறிக்கும். சிலர் ஜோடி சேர்ந்து தாங்கும் எடையைப் போடுவார்கள். அதாவது ஒரு அச்சின் இரண்டு சக்கரங்கள் தரும் எடை. சிலர் வண்டியின் மொத்த எடையைப் போடுவார்கள். நான்கில் இரண்டு சக்கரம்தான் மேலே ஏறும் என்ற கணக்கு அதற்குள்ளேயே இருக்கும். வெறும் "டன்" என்று மட்டும் இருந்தால் அது 1,000 கிலோவா, அமெரிக்கக் கணக்கில் 907 கிலோவா என்பதுகூடத் தெரியாது. நேர்மையான தயாரிப்பாளர் இதை ராம்பின் உடலிலேயே வார்த்திருப்பார், கூடவே ஒரு விளக்கத் தாளும் வைப்பார். எனக்கு வந்த பெட்டியில் தாள் இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை, தொகுதி எண் இல்லை. ஒரு ஸ்டிக்கர் மட்டும் இருந்தது.

என் கார் காலியாக 1,150 கிலோ. முன்பக்கம் இன்ஜின், முன் சக்கர இழுவை. இப்படிப்பட்ட கார்களில் ஏறக்குறைய 60 சதவீத எடை முன் அச்சில் இருக்கும். அப்படியானால் முன்பக்கம் 690 கிலோ, ஒரு சக்கரத்துக்கு 345. முன்பக்கத்தைத் தூக்கும்போது பாரம் கொஞ்சம் பின்னால் நகருமே தவிர முன்னால் அதிகமாகாது. ஏறி நிற்கும்போது பிரேக் போட்டால் ஒரு நொடி அதைவிட அதிகமாக அழுத்தும், சரி. அதையும் சேர்த்தாலும், 3 டன் என்பதை எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாலும், இந்தப் பாரம் அதன் பக்கத்தில்கூட வராது.

முதல் இரண்டு முறை எந்தப் பிரச்சினையும் இல்லை. அதனால்தான் மூன்றாவது முறை தம்பியையும் கூட வரச் சொன்னேன், அவனுக்கும் பழக்கிவிடலாம் என்று. சமமான கான்கிரீட் தரை. வழுக்காமல் இருக்க ராம்புகளுக்கு அடியில் ரப்பர் விரிப்பு. தம்பியைக் காருக்கு முன்னால் நிற்க விடவில்லை, பக்கவாட்டில் தள்ளி நின்று கை காட்டச் சொன்னேன். கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஏற்றினேன். சக்கரம் மேலே உள்ள பள்ளத்தில் உட்கார்ந்ததும் நிறுத்தி, முதல் கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, இறங்கி வந்து பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பின்னால் கட்டை வைத்தேன்.

"அண்ணா, நான் உள்ள போய் ஆயில் வடிக்கிற பிளக்கைக் கழட்டவா?" என்றான். இருடா என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று கதவுத் தூணைப் பிடித்துக் காரை நன்றாக ஆட்டினேன். ராம்பில் ஏற்றிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்வேன். விழப்போகிற கார், நாம் வெளியே நிற்கும்போது விழட்டும் என்பதற்காக. இந்த முறை இடது பக்கத்திலிருந்து நெறுநெறுவென்று ஒரு சத்தம் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சாய்வு முடிந்து மேல் தட்டு தொடங்கும் மடிப்பில், கருப்பு பிளாஸ்டிக்கின் நடுவே நகக்கீறல் போல ஒரு வெள்ளைக் கோடு.

அந்த வெள்ளைக் கோட்டைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தாங்க முடியாமல் இழுபடும்போது அந்த இடம் வெளுக்கும். விரிசலுக்கு முந்தைய நிலை அது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டுப் போகாதீர்கள்.

தம்பியைக் கிட்டே வர வேண்டாம் என்றேன். காரில் ஏறிப் பின்னால் இறக்கிவிடலாமா, இல்லை ஜாக்கி போட்டு முதலில் எடையை எடுக்கலாமா என்று கதவருகே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் 'டமார்' என்று ஒரு சத்தம். இடது மூலை அப்படியே கீழே இறங்கியது. ஹேண்ட் பிரேக்கும் கட்டைகளும் பிடித்திருந்ததால் கார் பின்னால் உருளவில்லை, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தது. உடைந்த துண்டு ஒன்று சக்கரத்தை ஒட்டிய உள் உறையைக் கிழித்து பம்பரின் கீழ் விளிம்பையும் பிளந்துவிட்டது. தம்பி கையில் ஆயில் பிடிக்கும் தட்டு. அதை அவன் ரொம்ப நேரம் கீழே வைக்கவே இல்லை.

தரையில் நிற்கும்போது என் காருக்கு அடியில் சுமார் 17 சென்டிமீட்டர்தான் இடைவெளி. மல்லாந்து படுத்திருக்கும் ஒரு ஆளின் மார்பு அதைவிட உயரம். எங்கள் காரில் ஆயில் டிரெயின் பிளக் இருப்பதும் இடது பக்கம்.

பிறகு துண்டுகளைப் பொறுக்கி எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஸ்டிக்கரை உரித்தேன். அதற்கு அடியில் வார்ப்பிலேயே இருந்த எழுத்துகளை யாரோ தேய்த்து எடுத்திருக்கிறார்கள். சொரசொரப்பாக ஒரு திட்டு மட்டும் மிச்சம். எந்த எண் இருந்தது என்று படிக்க முடியவில்லை. ஆனால் தேய்த்தவர்களுக்குத் தெரியும், அது 3 டன் இல்லை என்று. உள்ளே தாங்கு சட்டங்கள் கொஞ்சம்தான், அவையும் மெல்லியவை. விளம்பரப் படங்களைத் திரும்பப் போய்ப் பார்த்தேன்: எட்டுப் படம், ஒன்றில்கூட அடிப்பக்கம் இல்லை. உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் வைத்தால், உடையாத வலது ராம்பைவிட அரைக் கிலோ குறைவு. ஒரே பெட்டியில் வந்த ஜோடி அது.

படங்களோடு விற்பவருக்கு எழுதினேன். "உங்க தரை சமமா இல்லை" என்றார். ரசமட்டம் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்து, "பயன்படுத்தின பொருளை மாத்தித் தர மாட்டோம்." ராம்பைப் பயன்படுத்தாமல் அதன் மேல் எப்படிக் காரை ஏற்றுவது என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. நான்கு நாள் கழித்து, நான் எழுதிய மதிப்புரையை எடுத்துவிட்டால் பாதிப் பணம் தருவதாகச் செய்தி வந்தது. காருக்கு ஆன சேதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை, யாருக்காவது அடிபட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. நான் எடுக்கவில்லை. அடுத்த வாரம் அந்த விளம்பரமே காணாமல் போய்விட்டது, என் மதிப்புரையும் அதோடு சேர்ந்து போயிற்று. இப்போது அதே எட்டுப் படங்கள், அதே "3 டன்", வேறு பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. மதிப்புரை எதுவும் இல்லாத புதுப் பக்கம். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், முடிந்தவரை நேரில் பார்த்து வாங்குங்கள். கவிழ்த்துப் பாருங்கள், தேன்கூடு போல நெருக்கமாகத் தாங்கு சட்டங்கள் இருக்க வேண்டும். இரும்பு ராம்ப் என்றால் வெல்டிங் எல்லா மூட்டிலும் முழுதாக ஓடியிருக்கிறதா, இல்லை நான்கு பொட்டு வைத்துவிட்டு மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். எடை அளவு உடலில் வார்த்திருக்க வேண்டும் அல்லது பொறித்திருக்க வேண்டும். மேல் தட்டின் அகலம் உங்கள் டயரைவிட அதிகமா என்பதையும் பாருங்கள். டயரின் பக்கத்தில் 195/65 என்று இருந்தால் அந்த 195 தான் மில்லிமீட்டரில் அகலம். பம்பர் தாழ்வான கார் என்றால் சக்கரம் ஏறுவதற்கு முன்பே பம்பர் ராம்பில் இடிக்கும், நீண்ட சாய்வுள்ளது வேண்டும். காரின் ஒவ்வொரு அச்சிலும் வரக்கூடிய அதிகபட்ச எடை பல வண்டிகளில் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே இருக்கிறது, அதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஏற்கெனவே ராம்ப் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள், குறிப்பாக அந்த மடிப்பை. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வருடம் போகப் போக விறைத்து உடையும். அதனால் நிழலில் வையுங்கள். மண், சரளைக்கல், சரிவான வாசல், ஈரமான வழவழ டைல்ஸ் இவற்றில் வைக்கவே வேண்டாம். ஏறும்போது ராம்ப் முன்னால் வழுக்கிப் போனால் உடனே நிறுத்துங்கள். வேகம் கொடுத்து ஏற்றப் பார்த்தால் அந்தப் பக்கம் தாண்டி விழும்.

ராம்புக்குப் பதில் செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ அடுக்கலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கூடவே கூடாது. அவை வெளுத்தோ வளைந்தோ எச்சரிக்கை தராது, ஒரே நொடியில் நொறுங்கும். ராம்ப் இருந்தாலும் சக்கரத்தைக் கழற்றும் வேலையை, பிரேக் வேலையை அதில் செய்ய முடியாது. அதற்கு ஜாக்கியும், காரைத் தூக்கிய பிறகு அதைத் தாங்க அடியில் நிறுத்தும் ஜாக் ஸ்டாண்டும் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் உள்ளே போகாதீர்கள்.

நான் இப்போது ராம்பில் ஏற்றினாலும், உள்ளே போவதற்கு முன் ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்டையும் காரின் ஜாக் வைக்கும் இடங்களுக்கு அடியில் கிட்டத்தட்ட ஒட்டும் உயரத்தில் நிறுத்திவிடுகிறேன். ராம்ப் போனாலும் கார் அதன் மேல்தான் உட்காரும். தம்பிக்கு அதுவும் இன்னும் நம்பிக்கை வரவில்லை. நான் கட்டாயப்படுத்தவில்லை.

வலது ராம்ப் உடையவில்லை. குப்பையில் போட்டால் யாராவது நல்ல பொருள் என்று எடுத்துப்போய் ஏற்றிவிடுவார்கள் என்று பயந்து, ரம்பத்தால் அறுத்துப் போட்டேன். இரண்டு நிமிட வேலையாகத்தான் இருந்தது. அறுத்த இடத்தில் பார்த்தால், நடுச் சட்டத்துக்குள் கோலிக்குண்டு அளவில் ஒரு காற்றுப் பொத்தல். அதே மடிப்புக்கு நேர் கீழே.