முத்துச்சிப்பி ஓடு: சட்டைப் பட்டன் முதல் பிஷ்டி மருந்து வரை, நாள்பட்ட பயன்பாட்டில் தெரிபவை

சட்டைப் பட்டன், காதுத்தோடு, கரண்டி, பெட்டியில் பதித்த வேலைப்பாடு என்று முத்துச்சிப்பி ஓட்டில் செய்த பொருள் எதுவானாலும், நாள்பட அதைக் கெடுப்பது பெரும்பாலும் புளிப்புதான். அந்தப் பளபளப்பில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். மீதி கைட்டினும் புரதமும். சிப்பி தன் உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சதையிலிருந்து இதைச் சுமார் அரை மைக்ரான் கனமுள்ள தகடுகளாகச் சுரந்து, இடையிடையே புரதப் பசை வைத்து அடுக்குகிறது. தகட்டின் கனமும் ஒளியின் அலைநீளமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால்தான் திருப்பத் திருப்ப நிறம் மாறுகிறது. அதில் சாயம் இல்லை. விரிசல் விழுந்தாலும் நேராக ஓட முடியாமல் தகடுகளைச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால், சாதாரணச் சுண்ணாம்புக் கல்லைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனால் அமிலத்தின் முன் இதுவும் சுண்ணாம்புக் கல்தான்.

எங்கிருந்து வருகிறது என்பதும் வாங்கும்போது முக்கியம். ஆஸ்திரேலியாவின் ப்ரூம் கடற்கரையைப் பிரபலமாக்கிய பிங்க்டாடா மாக்சிமா என்ற சிப்பி தட்டு அளவுக்கு வளரும். ஓடும் கனமானது. நல்ல பட்டனுக்கு அதுதான் முதல் தரம். ட்ரோக்கஸ் என்ற கூம்புச் சங்கு அடுத்த தரம். அதில் செய்த பட்டனின் பின்பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கீற்று தெரியும். ஆற்றுச் சிப்பி வெள்ளையாக இருக்கும், ஜொலிப்பு குறைவு. அமெரிக்காவின் மஸ்கட்டீன் ஊரில் 1891இல் ஜான் போப்பிள் தொடங்கிய தொழில் முழுக்க மிசிசிப்பி ஆற்றுச் சிப்பியை நம்பியது. 1905 வாக்கில் அந்த ஒரே ஊர் வருஷத்துக்குச் சுமார் 150 கோடி பட்டன் செய்தது. பிளாஸ்டிக் வந்ததும் எல்லாம் படுத்துவிட்டது. நம் மன்னார் வளைகுடாச் சிப்பி சின்னது, ஓடும் மெல்லியது. பட்டனுக்கு ஆகாது. அங்கே குளித்தது முத்துக்காகத்தான். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

அசலா என்று பார்க்க உதட்டில் வைத்தாலே போதும். சிப்பி சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் உடனே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். அதே அளவு பாலியெஸ்டர் பட்டனைவிட எடை இரு மடங்குக்கு மேல். பட்டன்கள் அத்தனையும் அச்சடித்ததுபோல் ஒரே கோலத்தில் மின்னினால் சந்தேகப்படலாம். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். அசலாக இருந்தால் அதற்குத்தான் நஷ்டம். சுற்றுலாத் தலங்களில் 'சிப்பி விளக்கு' என்று விற்பது பெரும்பாலும் ஜன்னல் சிப்பி. கோவாவின் பழைய வீடுகளில் கண்ணாடிக்குப் பதில் வைத்ததும் அதுதான். ஒளி உள்ளே வரும், அழகாகவும் இருக்கும். ஆனால் அது வேறு வகைப் படிகம், ஓரத்தில் ஏடு ஏடாக உரியும். முத்துச்சிப்பி விலை கொடுக்காதீர்கள்.

சட்டைப் பட்டன்தான் தினசரிப் பயன்பாட்டில் உண்மையான சோதனை. ஆண்கள் சட்டையின் முன்பக்கத்துக்கு வழக்கமாக லைன் என்ற பட்டன் அளவில் 18, அதாவது சுமார் 11.5 மில்லிமீட்டர். கனம் 2 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் துளைகளுக்கு நடுவே உடையும். 3 மில்லிமீட்டர் நன்றாகத் தாங்கும், ஆனால் மெல்லிய துணியை இழுத்துத் தொங்கவிடும். உடைவது போடும்போது அல்ல, சலவையில். சட்டையை உள்வெளியாகத் திருப்பி, வலைப்பைக்குள் போட்டுச் சுழலவிட்டால் பாதி உடைப்பு நின்றுவிடும். இஸ்திரிப்பெட்டி நேராகப் பட்டனில் ஏறக்கூடாது. சூட்டில் இடையிலுள்ள புரதம் வறண்டு மயிரிழை விரிசல் விழும். லாண்டரியில் அழுத்து இயந்திரத்துக்குப் போகிறது என்றால், பட்டனை மூடிப் போடும்படி சொல்லிக் கொடுப்பது நல்லது. குளோரின் பிளீச் அந்தப் புரதத்தையே அரித்துவிடுவதால் நாளடைவில் பட்டன் சாக்பீஸ் போல வெளுத்துவிடும். துணி மென்மையாக வினிகர் ஊற்றும் யோசனையும் இங்கே ஆகாது.

மங்கிவிட்டால் மீட்கலாம். 1000, பிறகு 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வட்டமாகத் தேய்த்து, கடைசியில் ஈரத் துணியில் சீரியம் ஆக்ஸைடு என்ற மெருகுத் தூளைத் தொட்டு மெருகேற்றினால் பளபளப்பு திரும்பும். உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். நீலம், ரோஜா என்று சாயம் ஏற்றியதைத் தேய்த்தால் சாயம் போய்விடும், அதை அப்படியே விட்டுவிடலாம்.

நகையில் ஏமாற்றம் அதிகம். விலை குறைந்த தோடுகளில் இருப்பது முழு ஓடு அல்ல, பித்தளை மேல் பசையால் ஒட்டிய மெல்லிய ஏடு. குளிக்கும்போது போட்டால் பசை விட்டு ஓரம் கிளம்பும். சிப்பி பதித்த பித்தளைச் சாமானைப் புளி போட்டுத் தேய்ப்பது அதற்குச் செய்யும் பெரிய துரோகம். ஒரே தேய்ப்பில் மேல் அடுக்கு போய்விடும். மிதமான சோப்புத் தண்ணீர், மெத்தென்ற துணி, உடனே ஈரம் துடைத்தல், அவ்வளவே. புது மர அலமாரியிலும் வைக்காதீர்கள். ஓக் போன்ற சில மரங்களும் பசை போட்ட பலகைகளும் அசெட்டிக், ஃபார்மிக் அமில ஆவியை விடும், மூடிய இழுப்பறையில் சிப்பியின் மேல் வெள்ளையாகப் பூக்கும். அருங்காட்சியகங்கள் இதை பைன் (Byne) நோய் என்கின்றன. பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் போகும் டப்பாவில் வைத்தால் பிரச்சினையில்லை.

கரண்டியைப் பற்றி ஒரு வரி: வெள்ளிக் கரண்டி மீன்முட்டைக்கு உலோகச் சுவை ஏற்றுமென்பதால் மேல்நாட்டில் சிப்பிக் கரண்டி வந்தது, நம் ஊறுகாய் ஜாடியில் அது நாலு நாள் தாங்காது.

இனி குணப்படுத்தும் நம்பிக்கை. சந்திரனுக்கு முத்து வாங்க முடியாதவர்கள் வெள்ளியில் சிப்பி கட்டி மோதிரம் போடுவது உண்டு. உடம்புச் சூட்டை இழுக்கும் என்பார்கள். தொட்டால் சில்லென்றிருப்பது கல் எல்லாவற்றுக்கும் பொது. அதற்கு மேல் மருத்துவம் என்று சொல்ல ஒன்றுமில்லை. முகத்தில் பூசும் சிப்பித் தூளும் நைசாக இருந்தால் இறந்த தோலைத் தேய்த்தெடுக்கும், சொரசொரவென்றிருந்தால் கீறும். கால்சியம் தோல் வழியே உள்ளே போவதில்லை.

உள்ளுக்குச் சாப்பிடுவதில்தான் விஷயம் இருக்கிறது. சித்தத்தில் முத்துச்சிப்பி பற்பம், ஆயுர்வேதத்தில் முக்தாசுக்தி பஸ்மம், பன்னீரில் அரைத்த பிஷ்டி. நெஞ்செரிச்சலுக்கு இவை வேலை செய்வது உண்மை, காரணமும் எளிது: பட்டனை அரிக்கும் அதே வினை வயிற்றில் அமிலத்தைத் தணிக்கிறது. கூடவே கரியமில வாயு வெளியேறுவதால் ஏப்பம் வரும். 250 மில்லிகிராம் பிஷ்டி என்பது மருந்துக்கடையில் கிடைக்கும் 500 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் மாத்திரையில் பாதி வேலை செய்யும். அதில் கால்சியம் 100 மில்லிகிராம்தான். பெரியவருக்கு நாளொன்றுக்கு 1000 வேண்டும் என்னும்போது, 'எலும்புக்கு நல்லது' என்று இதை மட்டும் நம்புவது கணக்குக்கு ஒத்துவராது.

பற்பத்துக்காக ஓட்டைச் சுடும் சூடு, அதாவது புடம், மிஞ்சினால் ஆபத்து. 800 டிகிரியைத் தாண்டினால் கார்பனேட் சுட்ட சுண்ணாம்பாகிவிடும், நாக்கில் வைத்தால் சுடும். ஈரமஞ்சளில் ஒரு சிட்டிகை குழைத்தால் அடர்சிவப்பாக மாறுவது அதற்கு அடையாளம். அப்படியானதைச் சாப்பிடக் கூடாது. கடல்நீரிலுள்ள ஈயம், காட்மியம் ஓட்டிலும் சேரக்கூடும் என்பதால், உரிமம் பெற்ற நிறுவனத்தின், கன உலோகச் சோதனை செய்த பொட்டலத்தையே வாங்குங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் நாலு மணி நேர இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. இரும்புச் சத்து மாத்திரையும் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்கும் இதோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாதவை. சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.