வெள்ளீய நுண்சேறு: மேசையா, சுழல் கிண்ணமா?

வெள்ளீயத் தாதுவான கசிட்டரைட் எளிதில் நொறுங்கக்கூடியது. அரைக்க அரைக்க ஒரு பகுதி மாவாகிக் கழிவு நீரோடு போய்விடும். அதைத் திரும்பப் பிடிக்க எங்கள் ஆலையில் குலுக்கு மேசை (குலுங்கும் சாய்ந்த பலகை, மேலே ஓடும் நீர் மணலைத் தாதுவிலிருந்து பிரிக்கும்), மையவிலக்குக் கிண்ணம் (வேகமாகச் சுழன்று பிரிப்பது), நுரைமிதப்பு (ரசாயனம் சேர்த்துத் தாதுத் துகள்களைக் குமிழ்களில் ஒட்டவைத்து நுரையாக எடுப்பது) என மூன்றையும் பார்த்துவிட்டுக் கிண்ணத்தை வாங்கினோம். வாங்கியவன் எழுதுவது என்பதால் சாய்வு இருக்கத்தான் செய்யும்.

மேசையின் விலை குறைவு. தாது எங்கே, மணல் எங்கே என்று பட்டை பட்டையாகக் கண்ணுக்கே தெரியும். ஆனால் கசிட்டரைட்டின் அடர்த்தி 7, மணலிலுள்ள குவார்ட்ஸுக்கு 2.65 என்ற சாதகமெல்லாம் துகள் பொடியாகப் பொடியாகக் கரைந்துவிடுகிறது. விட்டம் 40 மைக்ரானிலிருந்து (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) 10 மைக்ரானுக்கு இறங்கினால், நீரில் அமிழும் வேகம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். மேசை மேல் ஓடும் நீர் அதுவரை காத்திருக்குமா?

கிண்ணம் சுழன்று புவியீர்ப்பைப்போல் 60 மடங்கு விசை தருகிறது. கனத்த துகள்கள் சுவரின் வளையங்களில் தங்கும். சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே புகும் நீர் அந்தப் படுகையை இளக்கி, மணலை வெளியே தள்ளும். அவ்வப்போது நிறுத்திக் கழுவி இறக்க வேண்டும் என்பது சின்னத் தொல்லை. விற்க வருபவர்கள் விசையைப் பற்றியே பேசுவார்கள். எங்களைப் படுத்தியது அந்த நீர்தான்.

தொடக்கத்தில் மறுசுழற்சி நீரையே கொடுத்தோம். பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரம் செறிவின் (பிரித்தெடுத்த தாதுவின்) தரம் சரிந்தது. அழுத்தமானியோ வழக்கத்தைவிட அதிகமாகக் காட்டியது. நீர் நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டோம். துளைகள் அடைத்ததால் ஏறிய அழுத்தம் அது. திறந்து பார்த்தால் கீழ் வளையங்கள் இரண்டும் சிமென்டாக இறுகிக் கிடந்தன. துளைகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்ததில் விரல் நுனி மரத்துப்போனது. பிறகு தனித் தொட்டி, ஃபில்டர், நீரின் அளவைக் காட்டும் மானி, வாரந்தோறும் துளைச் சோதனை என்று செலவு நீண்டது. இவற்றைச் சேர்க்காமல் மேசையோடு விலையை ஒப்பிடுவது கணக்கே அல்ல. சேர்த்த பிறகும் கிண்ணத்தையே வாங்குவேன். சுத்தமான நீருக்கு வழியில்லாத ஆலைக்கு மட்டும் சிபாரிசு செய்யமாட்டேன்.

நுரைமிதப்பை ஆய்வகத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன், ஆலையில் ஓட்டியதில்லை. 10 மைக்ரானைச் சுற்றிய துகள்களுக்கு அது பொருத்தம் என்றே தோன்றியது. ஆனால் மிக நுண்ணிய களியை முன்பே நீக்கியாக வேண்டும். இரும்புத் தாதுக்கள் இருந்தால் அவையும் நுரையோடு ஏறி வந்து, விலையுயர்ந்த ரசாயனத்தை விழுங்கிவிடும்.

பழைய மேசைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். கிண்ணத்திலிருந்து இறங்குவதை அதில் ஒருமுறை ஓட்டிச் சுத்தம் செய்கிறோம். அங்கே வழிந்தோடுவது மறுபடி கிண்ணத்துக்கே போகிறது.