மடக்கென்று ஒரு செம்புத் தண்ணீர்: ஸ்லீவ் செய்து நாலாவது வருடத்தில்

போன மாதம் கொழும்புக்குப் போய், வாய்க்குள்ளால் பலூன் விட்டு இரைப்பையை விரித்துக்கொண்டு வந்தேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஆகவே இந்த அனுபவப் பகிர்வு கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். நிறை குறைக்க இரைப்பையை வெட்டிச் சிறிதாக்குகிற சத்திரசிகிச்சைதான் ஸ்லீவ். அதற்கு வயிற்றில் எத்தனை துளை போடுவார்கள், எத்தனை நாளில் வீட்டுக்கு விடுவார்கள் என்பதெல்லாம் தேடினால் கிடைக்கும். எனக்கு ஒருவரும் ஒழுங்காகச் சொல்லாதது தண்ணீரைப் பற்றி.

வைகாசி பிறந்தால் திருகோணமலையில் கச்சான் அடிக்கத் தொடங்கிவிடும். தரைப்பக்கமிருந்து வருகிற காற்று, ஈரம் என்பதே இருக்காது. பள்ளிக்கூடம் விட்டு ஒன்றரை மணி வெயிலில் அனுராதபுரச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்று வீடு வந்து சேரும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிப்போய் இருக்கும். அந்த நேரத்தில் மனிசர் என்ன செய்வார்கள்? செம்பைத் தூக்கி அண்ணாந்து மடக் மடக்கென்று குடிப்பார்கள். எனக்கு அது ஏலாது. ஒரு மிடறு, பிறகு பொறுக்க வேண்டும். இன்னொரு மிடறு, திரும்பவும் பொறுக்க வேண்டும். ஆசைக்கு இரண்டு மிடறைச் சேர்த்து விழுங்கினால் நெஞ்சுக்குழியில் போய் நிற்கும். கீழேயும் போகாது, மேலேயும் வராது. நெஞ்சை யாரோ முழங்கையால் அமத்துவதுபோல ஒரு வலி, பிறகு வாயில் கொழகொழவென்று நுரைத்த எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். குசினித் தொட்டியைப் பிடித்தபடி குனிந்து நின்று துப்ப வேண்டியதுதான். தாகம் மட்டும் அப்படியே இருக்கும்.

இது ஏன் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒடுங்கிய ஒரு குழாய். வெட்டிப்போகிற பகுதியில்தான் இரைப்பையின் மேல்பக்கக் குடமும் இருக்கிறது. நாங்கள் விழுங்க விழுங்க இளகி இடம் விட்டுக்கொடுப்பது அதுதான். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹோர்மோனில் பெரும்பகுதி சுரப்பதும் அங்கேதான். அதனால் பசி குறைகிறது, அது லாபம். ஆனால் விழுங்கியதை வாங்கி வைக்க இடமில்லை, உள்ளே அழுத்தம் கூட. அதே அழுத்தத்தால்தான் பலருக்கு நெஞ்செரிவும் வருகிறது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணித்தியாலமாவது போக வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். அதைக் குறை சொல்லவில்லை. மாதங்கள் போகப் போகப் பெரும்பாலானவர்களுக்குத் தண்ணீர் லேசாக இறங்கத் தொடங்கிவிடுமாம். எனக்கு இறங்கவில்லை.

ஒவ்வொரு கிளினிக்கிலும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "மெதுவாக் குடியுங்க அம்மா." நான் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். மெதுவாக என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கடைசியில் வேறொரு டொக்டர்தான் வாய்க்குள்ளால் கமரா விட்டு எண்டொஸ்கோபி செய்து பார்த்தார். குழாயின் நடு வளைவில் ஒடுங்கிப் போயிருந்தது. ஸ்லீவ் செய்தவர்களில் சிலருக்கு இப்படி வருமாம். மயக்கம் தந்து, ஒடுங்கின இடத்தில் பலூனை வைத்து ஊதி விரித்தார்கள். இப்போது அரைக் கிளாஸ் தண்ணீர் ஓரளவு ஒழுங்காக இறங்குகிறது. திரும்பவும் விரிக்க வேண்டி வரலாம், அதுவும் சரிவராவிட்டால் இரைப்பைப் பைபாஸாக (இரைப்பையில் ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு, அதை நேரே சிறுகுடலோடு தொடுப்பது) மாற்றுவதுதான் வழி என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த அரைக் கிளாஸுக்காகத்தான் நான் இவ்வளவு காலம் எச்சில் துப்பினேன்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்குப் போகும்போது நான் 118 கிலோ. உயரம் 158 சென்ரிமீற்றர்தான், உயரத்துக்கு நிறை எவ்வளவு கூட என்று காட்டுகிற பிஎம்ஐ 47 வந்தது. காலையும் இரவும் இன்சுலின். மேல்மாடி வகுப்புக்கு ஏறிப் போனால் முதல் ஐந்து நிமிடம் வாயைத் திறக்க முடியாது, பிள்ளைகளைப் புத்தகத்தை எடுங்கோ, மூடுங்கோ என்று கை காட்டிச் சமாளிப்பேன். கொள்ளு, பேலியோ, ஒருவேளைச் சாப்பாடு எல்லாம் செய்தாயிற்று. கந்தசஷ்டிக்குப் பாலும் பழமுமாக இருந்து இறக்கின கிலோ, திருவெம்பாவை அவலோடும் தைப்பொங்கலோடும் திரும்பி வந்து குந்திவிடும். சத்திரசிகிச்சைக்குக் கனடாவிலிருந்து அண்ணா காசு அனுப்பினார். "வெட்டித்தான் மெலியோணுமா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா. முடிவெடுத்தது சுகருக்காகத்தான். வடிவுக்காக என்று நினைத்தவர்கள் நினைக்கட்டும்.

சுகர் விஷயத்தில் அது சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. நிறை பெரிதாக இறங்குவதற்கு முன்னமே, ஆசுபத்திரியில் இருக்கும்போதே இன்சுலினைக் குறைத்துவிட்டார்கள். இன்றைக்கு ஒரு மெற்போமின் குளுசையோடு நிற்கிறது. நிறை 79 கிலோ. இரவில் மூச்சடைத்து எழும்புவதும் நின்றுவிட்டது. என் குறட்டைக்குப் பயந்து ஹோலில் படுத்த மனிசன் அறைக்குத் திரும்பி வந்திருக்கிறார், இப்போது அவர் குறட்டையில் எனக்கு நித்திரையில்லை.

நான் எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு. கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற ஏற்றம். முன்பு ஓட்டோவில்தான் போவேன், அதுவும் திருவிழாவுக்கு மட்டும். இப்போது வெள்ளிக்கிழமைகளில் நடந்து போகிறேன். வழியில் மான்கள் கையைப் பார்த்துக்கொண்டு பின்னால் வரும். மேலே ஏறி நிற்கும்போது முழங்காலைப் பற்றிய நினைப்பே இருக்காது. அங்கேயும் தாகம் எடுக்கும், அங்கேயும் ஒரு மிடறுதான் என்பதையும் எழுதாமல் விட மனமில்லை.

சாப்பாட்டைப் பற்றிப் பெரிய குறை இல்லை. அவித்த பாரை மீன் ஒரு துண்டு, முட்டை, தம்பலகாமத்துத் தயிர் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். புட்டும் பாணும் நெஞ்சில் நிற்கும். வெள்ளைச் சோறு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் சரிவராது. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்பதால் தட்டில் முதலில் மீன், இடமிருந்தால் மற்றது. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியது, பிறகு தானாக வளர்ந்துவிட்டது. விற்றமின், இரும்புச்சத்து, கல்சியம், பி12 எல்லாம் சாகும் வரைக்கும்.

சனத்தின் வாயைத்தான் தாங்க ஏலாது. மெலிந்தால் எங்கள் ஊரில் முதல் கேள்வி, "என்ன வருத்தம்?" கன்னியா வெந்நீரூற்றில் ஒரு அந்தியேட்டிக் கிரியை முடிந்து வந்த வீட்டுப் பந்தியில் பெரியம்மா ஒருத்தி என் இலையைப் பார்த்து, "குருவி கொத்தினமாதிரிக் கொத்திப்போட்டு இருக்கிறாய், ஆருக்கு நேர்த்தி?" என்று கேட்டா. அதோடு ஒரு டம்ளர் மோரையும் கையில் தந்து, குடித்து முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் நின்றா. முழுப் பந்தியும் எழும்பிப் போன பிறகும் நான் அந்த மோரோடு இருந்தேன்.

செய்ய நினைக்கிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். சத்திரசிகிச்சைச் செலவு ஒரு தரம்தான். இரத்தப் பரிசோதனை, ஸ்கான், எண்டொஸ்கோபி என்று கொழும்புக்கு அலைவது முடிகிறதில்லை. போக ஆறு ஏழு மணித்தியாலம், வர அதே அளவு, இரண்டு பேருக்கு லீவு. மூட்டுவலிக்கு டைக்ளோபெனக் போன்ற குளுசைகளை இனிக் கண்ணாலும் பார்க்கக் கூடாது, பனடோல் மட்டும்தான். ஊர் பாமசியில் இதைச் சொன்னால் "கேஸ் குளுசையோட சேர்த்துப் போடுங்கோ" என்று தருகிறார்கள். வாங்காமல் வந்துவிடுங்கள்.

இவ்வளவும் மூதூரில் இருக்கிற மச்சாளுக்காகத்தான். அவவுக்கும் சுகர், பிஎம்ஐ 41, இரவு இரவாக நெஞ்செரிவு. மச்சாள், நெஞ்செரிவு இருக்கிறவர்களுக்கு ஸ்லீவை விடப் பைபாஸ்தான் பொருத்தம் என்று பெரும்பாலான டொக்டர்மார் சொல்லுகிறார்கள். காசு கட்ட முதல் எண்டொஸ்கோபி செய்யச் சொல்லிக் கேளுங்க. செய்யாமல் திகதி தந்தால் வேறு இடம் பாருங்க.

நேற்று இரவு அவ திரும்பவும் எடுத்து, "கதையெல்லாம் காணும், செய்யலாமா வேண்டாமா, ஒரு சொல்லிலே சொல்லுங்க" என்றா. இன்சுலின் போச்சு, முழங்கால் நோ போச்சு, மலையும் ஏறுகிறேன். எல்லாம் சரி. ஆனால் இது ஆனி மாதம், கச்சான் கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிறமாதிரி அடிக்கிறது. வேண்டாம் என்றுதான் சொன்னேன். கார்த்திகை மழை தொடங்கி, தாகமே எடுக்காத நாளில் திரும்பவும் கேளுங்க மச்சாள், நானே வேன் பிடித்து உங்களைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.