செட்டிநாட்டு அரசுப் பள்ளிகளுக்கு எந்தக் கண்காணிப்பு முறை பொருந்தும்?

செட்டிநாடு என்று நாம் வழங்கும் பகுதி நிர்வாகக் கணக்கில் ஒரே மாவட்டம் அன்று. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் ஆகியவை சிவகங்கை முதன்மைக் கல்வி அலுவலரின் கீழும், ராயவரம், பொன்னமராவதி போன்றவை புதுக்கோட்டை முதன்மைக் கல்வி அலுவலரின் கீழும் வருகின்றன. ஊராட்சி ஒன்றியப் பள்ளி, அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி, நகரத்தார் அறக்கொடையில் எழுந்து அரசு உதவி பெறும் பள்ளி என்று அக்கம்பக்கத்து ஊர்களிலேயே வெவ்வேறு வகைப் பள்ளிகள் இருப்பதால், இவற்றை யார் பார்வையிட வேண்டும், எவ்வளவு அதிகாரத்தோடு பார்வையிட வேண்டும் என்ற கேள்வி இங்கே மிகக் கூர்மையாக எழுகிறது.

முதலில், அரசு தானே அடுத்தடுத்துச் செய்துபார்த்த இரண்டு அமைப்புகளை ஒப்பிடலாம். 2018 வரை தொடக்கக் கல்விக்கு மாவட்ட அளவில் தனி அலுவலரும், மெட்ரிக் பள்ளிகளுக்குத் தனி ஆய்வாளரும் இருந்தனர். அந்த ஆண்டு வந்த அரசாணை 101 அப்பணியிடங்களைக் கலைத்து, எல்லா வகைப் பள்ளிகளையும் முதன்மைக் கல்வி அலுவலரின் அதிகாரத்தில் ஒன்றுசேர்த்தது. இதன் நியாயம் எளிதில் விளங்கக்கூடியது. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை அடுத்த ஊர் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும்போது இரு பள்ளிகளுக்கும் ஒரே அலுவலர் பொறுப்பாளியாக இருந்தால், இடைநிற்றலை யார் கணக்கில் எழுதுவது என்ற இழுபறிக்கு இடமில்லை. ஆயினும், ஏற்கெனவே பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இருந்த பொதுத் தேர்வு 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் வந்திருந்த நிலையில், தேர்வு மையம், வினாத்தாள் காப்பு, தேர்ச்சி விழுக்காடு ஆகியவற்றிலேயே ஆண்டின் பெரும்பகுதியைச் செலவிட நேர்ந்த ஓர் அலுவலரிடம், இரண்டாசிரியர் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறதா என்று உட்கார்ந்து கேட்கும் பொழுதை எதிர்பார்ப்பது பொருந்தாது. தேர்வு இல்லாத வகுப்புகளே அந்த அமைப்பில் முதலில் பார்வையிலிருந்து நழுவக்கூடியவை.

2022இல் வந்த அரசாணை 151 இதைத் திருத்தி, தொடக்கக் கல்விக்கும் இடைநிலைக் கல்விக்கும் தனியார் பள்ளிகளுக்கும் தனித்தனி மாவட்டக் கல்வி அலுவலர்களை ஏற்படுத்தியது. தொடக்கப் பள்ளிகளைப் பொறுத்தவரை இதுவே மேலான அமைப்பு என்பது என் உறுதியான கருத்து. ஒன்றிய அளவில் தொடக்கப் பள்ளிகளைப் பார்வையிடும் வட்டாரக் கல்வி அலுவலர் அறிக்கை கொடுப்பதும், அந்த அறிக்கையைப் படிப்பவர் தொடக்கக் கல்வியை மட்டுமே கவனிப்பவராக இருப்பதும் சிறு பள்ளிகளுக்குப் பெரிய பாதுகாப்பு. இடைநிலைப் பள்ளிகளுக்கு இப்பிரிவினையால் பெரிய ஆதாயமோ இழப்போ இல்லை.

ஆனால் இவ்விரு அமைப்புகளுமே தொடாத ஒரு சிக்கல் உண்டு. ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறையைச் சேர்ந்தவர். ஒன்றிய ஆசிரியர்கள் 1981லேயே அரசு ஊழியர்களாகிவிட்டனர். கட்டடமோ ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு. மதிய உணவு சமூக நலத் துறையைச் சார்ந்தது. மேற்கூரை ஒழுகினால் வட்டாரக் கல்வி அலுவலர் கடிதம்தான் எழுத முடியும்; நிதி ஒதுக்க முடியாது.

இந்த இடத்தில் கேரளத்தின் வழியைப் பார்ப்பது தகும். 1990களின் நடுவில் அங்கே தொடக்கப் பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்துகளிடமும் உயர்நிலைப் பள்ளிகள் மாவட்டப் பஞ்சாயத்துகளிடமும் ஒப்படைக்கப்பட்டன. ஆசிரியர் நியமனமும் ஊதியமும் மாநில அரசிடமே நின்றன. கட்டடமும் பராமரிப்பும், அவற்றுக்கான நிதியோடு சேர்த்து, உள்ளாட்சிக்குச் சென்றன. பொறுப்பும் பணமும் ஒரே கையில் இருப்பதே இதன் வலிமை. நம்மிடத்தில் உள்ளாட்சித் தேர்தல்கள் பல முறை தள்ளிப்போய், தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்திய ஆண்டுகள் உண்டு என்பதால், முழுப் பொறுப்பையும் அப்படியே கைமாற்றுவதை நான் ஏற்கமாட்டேன்.

எஞ்சியிருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. உறுப்பினர்களில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது அதன் விதி. தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் மாநிலம் முழுவதும் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. எந்த அலுவலரும் அறிய முடியாதவற்றை இக்குழுவிலுள்ள தாய்மார்கள் நாள்தோறும் அறிவர்: கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, ஆசிரியர் வகுப்பில் இருக்கிறாரா, சத்துணவு பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருக்கிறதா. ஆனால் செட்டிநாட்டுக்கு ஒரு தனிக் குறை இருக்கிறது. 2012ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, உதவி பெறும் பள்ளிகளில் இக்குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். நம் ஊர்களில் மிகப் பழமையான பள்ளிகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. அங்கே ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம், ஊதியம் தருவது அரசு, குறை சொல்லவேண்டியவர் பெற்றோர். மூவரும் ஒரே மேசையில் அமர்வதற்குச் சட்டத்தில் உறுதியான இடம் இல்லை. கொடையாளிகளின் வாரிசுகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ வாழும் ஊர்களில் இந்த இடைவெளி மேலும் அகலமாகிறது. கொடை கொடுத்தவர்களின் நோக்கத்தை மதிப்பவர்களே இதைப் பற்றி முதலில் பேச வேண்டும்.

ஆகவே, இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றைத் தள்ளிவிடும்படி நான் சொல்லமாட்டேன். 2022ஆம் ஆண்டுப் பிரிவினை நிலைக்க வேண்டும். அதன் மேல், மேலாண்மைக் குழு நிறைவேற்றும் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும் என்ற கட்டாயமும், சிறு பழுதுகளுக்கு அவரே ஒப்புதல் அளிக்கக்கூடிய ஒரு நிதியும் சேர வேண்டும். உதவி பெறும் பள்ளிகளில், அரசு ஊதியம் செல்லும் பணியிடங்களின் வருகைப்பதிவையும் காலியிட விவரத்தையும் ஆண்டுக்கு இருமுறையேனும் பெற்றோர் கூட்டத்தில் வைக்கும்படி செய்தாலே போதும். இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, துறையின் ஒரு சுற்றறிக்கை போதுமானது.