நிறத்துக்காகப் பெருக்குவது: கப்பியா, லவ் பேர்ட்ஸா?

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் வளர்ப்புமீன் கடைகளில் கீழே தொட்டியில் கப்பியும் மேலே கூண்டில் லவ் பேர்ட்ஸ் எனப்படும் பட்ஜியும் விற்பார்கள். வித்தியாசமான நிறத்தை வீட்டிலேயே உருவாக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றில்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள்.

வேகத்தில் கப்பிக்கு நிகரில்லை. ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். மூன்று நான்கு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். பட்ஜி 18 நாள் அடைகாக்கும். கூடாக வைக்கும் பானையிலிருந்து குஞ்சு வெளியே வர ஐந்து வாரம் ஆகும், அதை ஜோடி சேர்க்க ஒரு வருடமாவது பொறுக்க வேண்டும்.

வேகத்தைவிட முக்கியம், நிறம் யாரிடமிருந்து யாருக்கு இறங்குகிறது என்பது. ஆண் கப்பியின் நிறங்களில் பல, ஆணிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் வழியாக அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். டென்மார்க் உயிரியலாளர் யோஹானஸ் ஷ்மிட் 1920-லேயே இதை எழுதிவிட்டார். பெண் கப்பி பெரும்பாலும் மங்கலாகவே இருப்பதால், அதனுள் என்ன ஒளிந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. போதாததற்கு, ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண் அந்த விந்தணுவை மாதக்கணக்கில் வைத்திருந்து குட்டி போடும். மூன்று நான்கு வாரத்துக்குள் ஆண், பெண் பிரிக்காதவர் சொல்லும் பரம்பரைக் கணக்கை நான் நம்ப மாட்டேன்.

பட்ஜியில் கணக்கு தெளிவு. பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒன்றுதான். மஞ்சள் உடலும் சிவந்த கண்ணும் தரும் லூட்டினோ இந்த இசட்டில்தான் இருக்கிறது, பச்சை கூட இருந்தால் மறைந்துவிடும். லூட்டினோ ஆணைப் பச்சைப் பெண்ணோடு சேர்த்தால் மகள்கள் எல்லாம் லூட்டினோ. மகன்கள் பச்சை, ஆனால் உள்ளே லூட்டினோவைச் சுமப்பவை. பெண் லூட்டினோவாகவும் ஆண் கலப்பில்லாத பச்சையாகவும் இருந்தால் ஒரு குஞ்சுகூட மஞ்சளாக வராது. நீலம் வேறு வகை: தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். நீலத்தை மறைத்து வைத்திருக்கும் இரண்டு பச்சைகளை இணைத்தால் சராசரியாக நாலில் ஒன்று நீலம். காலில் வளையம், கையில் நோட்டு இருந்தால் ஒவ்வொரு குஞ்சுக்கும் பாட்டன் பாட்டி வரை சொல்லலாம். இந்தத் தெளிவுக்காகவே ஒரு வருடம் காத்திருக்கலாம் என்பேன்.

நம் ஊர் நிலைமை கப்பிக்குத்தான் சாதகம். வேதாரண்யம் பக்கத்து உப்புச் சாயல் போர் தண்ணீரைக்கூட அது தாங்கும். பட்ஜிக்கு ஐப்பசி, கார்த்திகை சோதனை. தினையில் ஈரமேறிப் பூசணம் பிடிக்கும், சாரல் கூண்டுக்குள் அடிக்கும்.

மிஞ்சிய கப்பியை வாய்க்காலில் விடுவது தவறு. தென் அமெரிக்க மீன் அது. அயிரையோடும் கெண்டைக் குஞ்சோடும் இரைக்குப் போட்டியிடும்.

ஒரே ரத்தத்தில் திரும்பத் திரும்ப இணைப்பது இரண்டுக்கும் ஆபத்து. கப்பியில் முதுகு வளையும். நிறமே நோயாக வருவதும் உண்டு. வளர்ப்புச் சிறுத்தைப் பல்லியில் 'லெமன் ஃப்ராஸ்ட்' என்ற நிறத்தைக் கொண்டாடினார்கள். அதைச் சுமக்கும் பல்லிகளில் 80 சதவீதத்துக்கும் மேல் தோல் கட்டி வந்ததை 2021-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும், தளர்ந்த உயிரை ஜோடி சேர்க்கவே கூடாது.

மாடியில் சிமெண்ட் தொட்டி மட்டும் இருக்கிறவர்கள் கப்பி வாங்கட்டும், பிரித்து வைக்க நாலைந்து தொட்டியாவது போட்டுக்கொண்டு. சாரல் படாத தாழ்வாரம் இருந்தால் பட்ஜிதான் என் தேர்வு. இரண்டு ஜோடி போதும். ஜோடிக்குத் தனிக் கூண்டு, வேறு வேறு இடத்தில் வாங்கிய பறவைகள்.